ரங்கூனுக்குப் போன வடக்குச் சுவர்

கொன்றையூரில் யூனியன் போர்டு ஏற்பட்ட வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. சித்திரை மாதக் கோடை மழையில் செம்மலை வீட்டு வடக்குச் சுவர் விழுந்தது. வைகாசி முதல் தேதியன்று, போர்டாரின் அனுமதி இல்லாமல் இனி எவனும் ஊருக்குள் சுவர் வைக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். விழுந்த மறுநாளே சுவரை எடுத்துக் கட்டாமல், கண்மாயில் வண்டல் அடிக்கிற வேலை முடியட்டும் என்று இரண்டு வாரம் இருந்துவிட்டது செம்மலையின் தப்பு. யூனியன் போர்டு ஒரு தப்பும் செய்யவில்லை. அது கடைசிவரை செய்யாது என்பதைக் கதையைப் படித்து முடிக்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

செம்மலைக்கு இருந்தது ஓரறை வீடு. செம்புறாங்கல்லை மண்ணில் அடுக்கிய சுவர்கள் நான்கு, மேலே நாட்டு ஓடு, பக்கத்தில் ஆட்டுக் கொட்டில். வடக்குச் சுவர் போனதும் கூரைக்குப் பனந்துண்டால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தான். விழுந்த கல் அத்தனையும் காலடியிலேயே கிடந்தது. அவன் பெண்டாட்டி நாகவல்லியின் தம்பி சின்னக்கருப்பன் கொத்தன் வேலை பார்க்கிறவன். மண்ணை மட்டும் குழைத்துக் கொடுத்தால் நாலு நாளில் கல்லை அடுக்கி நிமிர்த்திவிடுவதாக அவன் சொன்னான்.

செம்மலைக்கு வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இவ்வளவு பதைப்பு இருந்திருக்காது. கீழச்சிவல்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் அம்மாக்கண்ணு முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் பேறுகாலம், தலைப்பிரசவம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் முறை. ஐப்பசி மழையும் வாடையும் வடக்கேயிருந்துதான் வரும். வடக்கே திறந்து கிடக்கிற வீட்டுக்குள் மகளையும் பச்சைப் பிள்ளையையும் எப்படிப் போடுவது என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தண்டோராவைச் சட்டைசெய்யாமல் கட்டிவிடலாம்தான். அப்படிக் கட்டினவன் அடுத்த தெருப் பெத்தன். மாட்டுக்கு ஒரு மறைப்புச் சுவர் வைத்தான். மூன்றாம் நாள் போர்டின் ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்து அதைத் தள்ளி, கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சாட்சிக்கு வேண்டுமாம். சாட்சிகள் ஆபீஸ் வாசலில் அடுக்கப்பட்டன. மத்தியானத்தில் ஆபீஸ் சேவகன் அவற்றின்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பான். இதைப் பார்த்தபிறகு செம்மலை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆபீஸுக்கே போனான்.

ஆபீஸ் இருந்தது ஒரு பெரிய வீட்டின் முகப்பில். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ரங்கூனில் இருந்ததால், பூட்டிக் கிடப்பதற்குப் போர்டாவது இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். ஆள் உயர நிலைக்கண்ணாடிக்குக் கீழே தலைமைக் கிளார்க்கு அழகுசுந்தரம் உட்கார்ந்திருந்தார். வீட்டு அனுமதிக்கான பாரத்தைத் தயாரித்தவர் அவரே. ஒரு வீட்டைப் பற்றி என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று யோசித்து, உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் கேள்வியாக எழுதி, மதுரையில் ஆயிரம் பிரதி அச்சடித்து வாங்கிவிட்டார். முகப்பின் நீளம் எவ்வளவு, நடுமுற்றம் வைத்த வளவுகள் எத்தனை, பர்மாத் தேக்குத் தூண்கள் எத்தனை, இரண்டாம் கட்டின் அகலம் என்ன, இத்தாலிச் சலவைக்கல் பதித்த இடம் எத்தனை சதுரம், நிலைக்கண்ணாடிகள் எத்தனை. இப்படிப் பதினெட்டுக் கேள்வி.

அதில் ஒன்றுகூடத் தன் வீட்டில் இல்லை என்றும், விழுந்தது ஒரு சுவர்தான் என்றும் செம்மலை பணிவாகச் சொன்னான். அழகுசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விவரம் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் அவருக்குச் சலிப்பே கிடையாது.

"இல்லைன்னு எழுத இதுல எடம் இல்லையேப்பா. எத்தனைன்னு கேட்டிருக்கு. எத்தனைன்னு கேட்டா எண்ணிக்கைதான் எழுதணும். பூஜ்யம் போட்டம்னு வச்சுக்க, பதினெட்டுப் பூஜ்யத்தைப் பாத்துட்டு மேல இருக்கிறவுக வீடே இல்லைன்னு நெனச்சுருவாக. இல்லாத வீட்டுக்கு எப்படி அனுமதி குடுப்பாக? எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுருவோம். ஒண்ணுங்கிறது அடக்கமான எண்ணு, யாரும் சந்தேகப்பட மாட்டாக."

அன்று மத்தியானத்துக்குள் செம்மலை ஒரு வளவுக்கும், ஒரு தேக்குத் தூணுக்கும், ஒரு சதுரம் சலவைக்கல்லுக்கும், ஒரு நிலைக்கண்ணாடிக்கும் சொந்தக்காரனாகிக் கட்டைவிரலை உருட்டிவிட்டு வெளியே வந்தான்.

பாரத்தோடு வீட்டின் படமும் வேண்டும். படம் போடப் போர்டு அங்கீகரித்த ஆள் ஒரே ஒருவர், மாயக்கண்ணன். ரங்கூனில் ஓர் இஞ்சினீயரிடம் இருந்து தொழில் பழகியவர். பழகியது ஒரே ஒரு வீட்டுப் படம். பன்னிரண்டு வருஷமாக அதையே வரைந்து, ஓரத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். செம்மலைக்காகக் கொஞ்சம் சிரமம் எடுத்து, பாரத்தில் கண்டபடி தூண்களைக் குறைத்து, வளவின் நட்டநடுவில் ஒற்றைத் தூணை நிறுத்தினார். ஆட்டுக் கொட்டில் இரண்டாம் கட்டு ஆயிற்று. முகப்பின் உச்சியில் இரண்டு யானைகள் கஜலெட்சுமிக்கு நீர் வார்த்தன. நீலக் காகிதத்தில் அதைப் பார்த்த செம்மலைக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. விழுந்த வடக்குச் சுவர் இதில் எங்குட்டு இருக்கிறது என்று மட்டும் கேட்டான். படத்தில் வடக்குச் சுவர்கள் ஏழு இருப்பதாகவும், எது விழுந்தது என்று வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும் என்றும் மாயக்கண்ணன் சொன்னார். செம்மலை வெகுநேரம் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

ஆடி மாதம் ஓவர்சீயர் அரசப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார், ஒரு கையில் படம், ஒரு கையில் அளவு நாடா. படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அரசப்பன் சிரிக்கவில்லை. படத்தில் ஒரு குறையும் இல்லை, வீடுதான் படத்துக்கு ஒத்து வரவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். தேக்குத் தூண் எங்கே என்று கேட்டபோது செம்மலை செய்வதறியாமல் ஆடு கட்டுகிற முளைக்குச்சியைக் காட்டினான். அதன் சுற்றளவை நாடா பிடித்து எழுதிக்கொண்டார்.

அளந்து முடித்தபிறகுதான் உண்மையான சிக்கலைச் சொன்னார்.

"நிக்கிற சுவரா இருந்தா மராமத்துன்னு எழுதலாம். காலி மனையா இருந்தா புதுக் கட்டடம்னு எழுதலாம். விழுந்த சுவருன்னு ஒரு வகையே சட்டத்துல கெடையாது. நான் என்ன செய்ய? ஒண்ணு பண்ணு, மத்த மூணையும் இடிச்சுப்புடு. காலி மனைன்னு எழுதிட்டுப் போயிருவேன். எனக்கும் சுலபம்."

அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாகவல்லி, "ஒரு சுவரு கேட்டு வந்தவுககிட்ட இருக்கிற மூணையும் கேக்குறீகளே ஐயா, இது எந்த ஊரு நாயம்?" என்றாள். மனுதாரரின் சம்சாரம் ஒத்துழைக்கவில்லை என்று அரசப்பன் குறித்துக்கொண்டார். பிறகு வெகுவாக யோசித்து, இது விசேஷ இனம், பிரசிடெண்டு கையெழுத்துத்தான் வேண்டும் என்று எழுதிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

பிரசிடெண்டு ஏகப்ப செட்டியார் அப்போது ரங்கூனில் இருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் நாள் கப்பல் ஏறி அங்குள்ள தம் கடைப் பொறுப்பை ஏற்கப் போனவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் திரும்புவார். இதைப் போர்டில் யாரும் குறையாக நினைக்கவில்லை. பிரசிடெண்டு கடலுக்கு அப்பால் இருப்பதால் ஊரில் எவனுடைய சிபாரிசும் அவரை எட்டாது, நிர்வாகம் சுத்தமாக நடக்கும் என்று அழகுசுந்தரமே பலமுறை சொல்லியிருக்கிறார். வாராவாரம் காகிதக் கட்டுகள் ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ரங்கூனுக்குப் போகும். செம்மலையின் வடக்குச் சுவரும் ஆடிக் கடைசியில் கப்பல் ஏறியது. செம்மலை பிறந்ததிலிருந்து கடலைக் கண்டதில்லை.

ஆவணியில் வளைகாப்புப் போட்டு அம்மாக்கண்ணுவை அழைத்து வந்தார்கள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் அவள் படுக்க வேண்டுமே என்று செம்மலை பனையோலைத் தட்டி பின்னி வடக்கே சாத்தினான். ஐந்தாம் நாள் நோட்டீசு வந்தது. அனுமதி பெறாத ஓலைச் சுவர். ஆட்கள் வந்து தட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெத்தனின் கற்களுக்குமேல் போட்டார்கள். சேவகனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நிழலும் ஆயிற்று. ஓலைச் சுவருக்குத் தனியாக மனுப் போடலாமே என்று அழகுசுந்தரம் ஆறுதல் சொன்னார். பாரம் அதே பாரம்தான்.

அம்மாக்கண்ணு மூலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பனைப் பார்த்தால், எனக்கு ஒன்றும் இல்லை, காற்று வருவது நல்லதுதானே என்பாள். அதைக் கேட்கும்போது செம்மலைக்கு வருகிற ஆத்திரத்தில் ஆபீஸ் நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டு வரலாமா என்று இருக்கும். புரட்டாசி முழுவதும் அவன் வானத்தையும் தபால்காரனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் ரங்கூனிலிருந்து பதில் வந்தது. அழகுசுந்தரம் எழுந்து நின்று அதை வாசித்தார்.

"கொன்றையூரில் குடியானவன் ஒருவன் வளவும் சலவைக்கல்லும் கஜலெட்சுமியும் வைத்து வீடு கட்ட முன்வந்திருப்பது நமது போர்டின் ஆறுமாத நிர்வாகத்துக்கு நற்சான்றாகும். இதைப் படித்து நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆயினும் வளவு ஒற்றைத் தூணில் நிற்குமா என்பது யோசிக்கத்தக்கது. இத்தனை பெரிய வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்திட நமது மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. குடியிருப்போர் அனைவரையும் ஆபீஸுக்கு நேரில் வரவழைத்து, தலை எண்ணி, வாக்குமூலம் வாங்கி அனுப்பவும்."

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எல்லாரும் வர வேண்டும் என்று சம்மன் வந்தது. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது, அவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று செம்மலை கும்பிட்டுக் கேட்டான். அனைவரையும் என்று எழுதியிருக்கிறதே, வயிற்றில் இருப்பதை அதில் சேர்ப்பதா தள்ளுவதா என்பதற்கே ரங்கூனுக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது, இதில் தாயை வேறு எப்படித் தள்ளுவது என்று அழகுசுந்தரம் கேட்டார். அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டாம். இரக்கம் இல்லாமல் இல்லையாம்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூண்டு வண்டி ஒன்றை இரவல் வாங்கி, வைக்கோலைப் பரப்பி, அம்மாக்கண்ணுவை ஏற்றிக்கொண்டு சரியாகப் பத்தரைக்குப் போய்விட்டார்கள். தலை மூன்று, எண்ணி முடிக்க மூச்சு விடுகிற நேரம் ஆகாது. ஆனால் அழகுசுந்தரம் காகிதக் கட்டைப் பிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்றார். சம்மனில் அந்த நேரத்தைப் போட்டது அவர்தான். ஆபீஸ் நேரப்படி போட்டதாம். வீட்டுக் காரியத்தை ராகு காலத்தில் தொடங்கினால் கெடுதல் செம்மலைக்குத்தான் என்றும், அவன் நன்மைக்காகத்தான் காத்திருக்கச் சொல்வதாகவும் விளக்கினார்.

பதினொன்றே காலுக்கு அம்மாக்கண்ணு தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள். பதினொன்றரைக்கு இத்தாலிச் சலவைக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். செம்மலை வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்குப் பறந்தான். ஆபீஸுக்குள் நடக்கக்கூடாத காரியம் நடக்கப் போகிறதைப் புரிந்துகொண்ட அழகுசுந்தரம் எழுந்து, அனுமதி இல்லாமல் இங்கே இதெல்லாம் கூடாது என்றார்.

நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்லயே இருந்திருப்பா எம் மக. தலை எண்ணணும்னு நீங்கதான் கூப்பிட்டீக. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு தலை கூடுதலாவே எண்ணலாம். ஆம்பளைகளெல்லாம் இப்ப வெளிய போங்க."

தலைமைக் கிளார்க்கு, ஓவர்சீயர், சேவகன் மூவரும் போட்டது போட்டபடி மழையில் இறங்கினார்கள். நாகவல்லி கதவைச் சாத்தினாள். வாசலில் ஒதுங்க இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூவரும் செம்மலையின் ஓலைத் தட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செம்மலை மருத்துவச்சியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். பன்னிரண்டரைக்கு உள்ளே பிள்ளை அழுதது. பெண் குழந்தை, தாய்க்கும் சேய்க்கும் பழுதில்லை என்று மருத்துவச்சி வந்து சொன்னாள். செம்மலை வாசல் படியில் அப்படியே உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டே அழுதான்.

அழகுசுந்தரம் அழவில்லை, ஆனால் அவரைப் பார்க்கவும் பரிதாபமாக இருந்தது. பிரசவமான இடம் தீட்டு. தீட்டுக்குள் கால் வைக்க அவரால் முடியாது. முத்திரை உள்ளே, நோட்டீசுப் புத்தகம் உள்ளே, அளவு நாடா உள்ளே, சட்டப் புத்தகமும் உள்ளே. அந்தச் சட்டத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. பச்சை உடம்புக்காரியை இந்த மழையில் நாலு பக்கமும் அடைக்காத வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று நாகவல்லி தீர்த்துச் சொல்லிவிட்டாள். எத்தனை நாள் தீட்டு என்று கேட்கக் கோயில் குருக்களிடம் ஓடினார்கள். குருக்களின் மாட்டுக்கொட்டகை மனு ஆனி மாதத்திலிருந்து அந்த ஆபீஸில் கிடந்தது. அவர் கண்ணை மூடி நிதானமாக யோசித்து, பதினாறு நாள் என்றார்.

அந்தப் பதினாறு நாளும் கொன்றையூரில் யூனியன் போர்டு இல்லை. மூன்றாம் நாள் மழை வெறித்ததும் சின்னக்கருப்பன் பட்டப்பகலில், தெரு பார்க்க, கல்லை அடுக்கத் தொடங்கினான். அரசப்பன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, நோட்டீசுப் புத்தகம் கையில் இல்லாமல் வாயால் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இது ஊரெல்லாம் பரவிற்று. பெத்தன் ஆபீஸ் வாசலுக்கே வந்து தன் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். குருக்களின் மாட்டுக்கொட்டகை எழும்பியது. செம்மலை வீட்டையும் சேர்த்து, போர்டில் மனுப் போட்டு அலுத்திருந்த இருபத்துமூன்று வீடுகளில் இருபத்துமூன்று சுவர்கள் எழுந்து நின்றன. ஒன்றிலாவது கஜலெட்சுமி இல்லை.

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, அம்மாக்கண்ணு பிள்ளையோடு நாலு சுவர் உள்ள வீட்டுக்குள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் அரசப்பன் வந்தார். கையில் நோட்டீசுப் புத்தகம் இருந்தது, பின்னால் கடப்பாரையோடு நாலு ஆட்கள் இருந்தார்கள். நாகவல்லி பேத்தியை மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தாராளமா இடிங்க ஐயா. இடிச்ச கையோட நாங்க மறுபடி ஆபீஸுக்கே வந்துர்றோம், எங்களுக்கு அங்குட்டுப் பழகிப்போச்சு. எந் தம்பி பொண்டாட்டிக்கும் மார்கழியில பேறுகாலம். பெத்தன் மருமகளுக்குத் தையில."

அரசப்பன் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். இன்னும் ஈரம் காயாத மண்ணை விரலால் தொட்டும் பார்த்தார். பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கேயே நின்று ஏதோ எழுதினார். மற்ற இருபத்திரண்டு வீடுகளுக்கும் போய் அதையே எழுதினாராம்.

கார்த்திகையில் செம்மலையை ஆபீஸுக்குக் கூப்பிட்டு உத்தரவை வாசித்தார்கள். ஓவர்சீயர் நேரில் பார்வையிட்டதில் மேற்படி வடக்குச் சுவர் உறுதியாக நின்றுகொண்டிருக்கிறது. அது எக்காலத்திலும் விழுந்ததற்கான அடையாளம் இல்லை. ஆகவே ஆதாரமற்ற மனுவைப் பிரசிடெண்டு தந்தி மூலம் தள்ளுபடி செய்திருக்கிறார். அந்த வருஷம் கொன்றையூர் எல்லைக்குள் ஒரு சுவரும் விழவில்லை என்று மேலிடத்துக்கும் எழுதி, மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்திருந்தது.

செம்மலைக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியே அவன் ஆறு மாதம் விழுங்கி வைத்திருந்ததைக் கிளறிவிட்டது.

"இந்த நாலு வரிய வைகாசியிலயே எழுதியிருக்கலாமே ஐயா. எம் மக வாடையில கெடந்திருக்க மாட்டாளே."

அழகுசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு மனம் புண்பட்டுவிட்டது.

"வைகாசியில சுவரு விழுந்துல்லப்பா கெடந்துச்சு. சர்க்கார் காகிதத்துல பொய் எழுதச் சொல்றியா?"